தொடக்கமா, தாங்குதலா? முதற்காரண வாதமும் அதை மறுத்தோரும்

முரசுமோட்டையில் சிறுபோக வயலுக்குப் பாயும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இரணைமடுக் குளத்தைக் காட்டும். இரணைமடுவை நிரப்புவது கனகராயன் ஆறு. ஆற்றை நிரப்புவது வவுனியாப் பக்கத்துக் காடுகளிலும் வயல்வெளிகளிலும் கொட்டும் மாரி மழை. அந்த மழை வங்கக் கடலில் இருந்து எழுந்த நீராவி. கடலைச் சூடாக்கி நீராவியை எழுப்புவது சூரியன். சூரியனின் மையத்தில் ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகின்றன. அப்போது ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாக மாறுகிறது. அந்த ஐதரசன் கருக்கள் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பெருவெடிப்பை ஒட்டிய முதற் கணங்களில் உருவானவை. வயலில் நிற்கும் தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் அப்படிப்பட்ட இரண்டு ஐதரசன் அணுக்கள் இருக்கின்றன. கூட இருக்கும் ஒட்சிசன், சூரியன் பிறப்பதற்கு முன்பே எரிந்து வெடித்துச் சிதறிய பெரும் நட்சத்திரங்களுக்குள் சமைந்தது.

பெருவெடிப்புக்கு எது காரணம்? காரணங்களின் இந்தத் தொடர் எங்காவது முடிகிறதா, முடிவில்லாமல் பின்னோக்கிப் போகிறதா? முடிகிறது என்றால், அந்த முடிவில் நிற்பதைக் கடவுள் என்று அழைக்கலாமா? மனிதர் கேட்ட கேள்விகளில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. உலகம் இருக்கிறது என்பதில் தொடங்கி, அதற்கு ஒரு முதற்காரணம் வேண்டும் என்று காட்ட முயலும் தர்க்கத்தை முதற்காரண வாதம் என்கிறோம். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒரே பிள்ளை விஞ்ஞான பாடத்தில் பெருவெடிப்பைப் படிக்கிறது. சைவநெறிப் பாடத்தில் பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற தளை ஆகியவற்றைப் படிக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து நினைப்பது என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் பெருவெடிப்பே கடவுளுக்குச் சாட்சி என்கிறார் ஒருவர். பெருவெடிப்பு வந்ததால் கடவுளுக்கு வேலை போயிற்று என்கிறார் இன்னொருவர். இருவருமே வாதத்தின் உண்மையான இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

மெய்கண்டார் வைத்த முதற் படி

இந்த வாதத்துக்காக நாம் ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. 13 ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்கள் மட்டுமே கொண்ட சிறு நூல். அதன் முதற் சூத்திரமே முதற்காரண வாதம்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. இப்படி மாறும் பொருள் தானாகவே நிகழ்ந்துவிடாது. அதை நிகழ்த்தும் ஒருவன் உளன். உலகம் எதனிடத்தில் ஒடுங்குகிறதோ அதனிடத்தில் இருந்தே மீண்டும் தோன்றுகிறது; ஆகையால் ஒடுக்கும் கடவுளே முதற்கடவுள். சூத்திரத்தின் கருத்து இதுதான்.

உயர்தரத்தில் இந்து நாகரிகம் படித்தவர்களுக்குக் குயவன் உவமை தெரிந்திருக்கும். பானைக்கு மண் முதற்காரணம்; இங்கே அந்தச் சொல் மூலப்பொருளைக் குறிக்கிறது. தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணன். உலகத்துக்கு மாயை மண்ணின் இடத்தில் நிற்கிறது. இறைவனின் சத்தி துணைக்காரணம். இறைவன் நிமித்த காரணன். இந்த அமைப்பில் கடவுள் ஒன்றுமில்லாததில் இருந்து உலகத்தைப் படைக்கவில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சைவசித்தாந்தத்தின் சற்காரியவாதம். பதியைப் போலவே பசுவும் பாசமும் தொடக்கம் இல்லாதவை. உலகம் தோன்றி ஒடுங்கி மீண்டும் தோன்றும். அதற்கு முதல் முறை என்று ஒன்றைச் சுட்ட முடியாது.

ஆகவே மெய்கண்டாரின் வாதத்துக்குக் காலத்தில் ஒரு முதல் நாள் தேவையில்லை. உலகம் தன்னிலேயே நிற்க இயலாத பொருள் என்பதைக் காட்டினால் அவருக்குப் போதும்.

இரண்டு வகைத் தொடர்கள்

அதே 13 ஆம் நூற்றாண்டில், மெய்கண்டாரைப் பற்றி எதுவும் அறியாமல், இத்தாலியில் பிறந்த கத்தோலிக்கத் துறவி தோமஸ் அக்குவினாஸ் இதற்கு அண்மையான ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார். உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, அதை நம்பிக்கையால்தான் ஏற்கிறோம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஆனாலும் முதற்காரணம் உண்டு என்றார். காரணத் தொடர்களில் இரண்டு வகை இருப்பதை அவர் பிரித்துப் பார்த்ததே இதற்குக் காரணம்.

இந்த வேறுபாட்டை முரசுமோட்டை வயல் வரம்பில் நின்று தெளிவாகக் காணலாம். ஒரு கமக்காரரின் தகப்பன் அந்தக் காணியைத் திருத்தினார். அவருடைய தகப்பன் அவருக்கு உழவைப் பழக்கினார். இது காலத்தில் பின்னோக்கிப் போகும் தொடர். பாட்டன் இறந்த பிறகும் பேரன் விதைக்கலாம். இந்தத் தொடர் முடிவில்லாமல் பின்னே நீண்டாலும் தர்க்கத்தில் முரண்பாடு இல்லை. வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வேறு வகை. வயலுக்குத் தண்ணீர் வரவேண்டும் என்றால் கிளை வாய்க்காலில் இப்போது தண்ணீர் ஓட வேண்டும்; அதற்குப் பிரதான வாய்க்காலில் இப்போது ஓட வேண்டும்; அதற்குக் குளத்தின் துருசு இப்போது திறந்திருக்க வேண்டும். துருசைப் பூட்டினால் சிறிது நேரத்தில் வாய்க்கால் வற்றிவிடும். வாய்க்கால்களை எவ்வளவுதான் நீட்டினாலும், குளம் இல்லாமல் வாய்க்கால்களை மட்டும் கொண்டு ஒரு வயலுக்கும் பாய்ச்ச முடியாது.

அக்குவினாஸின் முதற்காரணம் தொடரின் அடியில் இந்தக் கணமும் தாங்கிக்கொண்டிருக்கும் காரணம். மெய்கண்டார் சொல்லும் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்ற மூன்றில் நிலையும் ஒரு தொழில் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். உலகம் நிற்பதற்கும் ஒரு காரணம் வேண்டும் என்பதே அதன் பொருள்.

இஸ்லாமிய மரபில் இமாம் கஸ்ஸாலி வேறு பாதையில் போனார். தோன்றியது எதற்கும் காரணம் உண்டு. உலகம் ஒரு காலத்தில் தோன்றியது. ஆகவே உலகத்துக்குக் காரணம் உண்டு. கலாம் வாதம் எனப்படும் இதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் லேன் கிரெய்க் 1979 இல் புதுப்பித்து எழுதினார். தொடக்கத்தை நம்பி நிற்கும் வாதம் இதுதான். பெருவெடிப்பைக் கடவுளுக்குச் சாட்சியாக அழைக்கும் வழக்கம் இதனோடு சேர்ந்தே பரவியது.

புற்றும் குயவனும்

மறுப்பும் எங்கள் பக்கத்திலேயே பழையது. 7 ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி, பானையில் இருந்து குயவனை ஊகிக்கும் தர்க்கத்தின் வேரிலேயே கை வைத்தார். பானையைக் கண்டு குயவனை ஊகிக்கிறோம் என்றால், குயவர் பானை வனைவதை முன்பு கண்டிருக்கிறோம் என்பதே காரணம். மண்ணால் ஆன உருவம் என்பது மட்டும் போதும் என்றால், காட்டுக்குள் நிற்கும் கறையான் புற்றையும் குயவன் செய்தான் என்றுதான் முடிவு செய்ய வேண்டிவரும். உலகம் செய்யப்படுவதை யாரும் கண்டதில்லை. மலைக்கும் பானைக்கும் உருவம் உண்டு என்ற ஒற்றுமையை மட்டும் வைத்து, மலைக்கும் ஒரு குயவனைத் தேடுவது எப்படிச் சரியாகும்?

வன்னிக் காட்டில் ஆள் உயரப் புற்றைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை புரியும். திட்டமிடும் ஒரு தலைவன் இல்லாமல், சின்னஞ்சிறு கறையான்கள் அருகில் உள்ள மண்ணுருண்டையின் மணத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப அடுத்த உருண்டையை வைப்பதாலேயே காற்றோட்டமுள்ள அந்தக் கட்டடம் எழுகிறது என்று இன்றைய உயிரியல் சொல்கிறது. ஒழுங்கைக் கண்டவுடன் ஒரு சிற்பியை ஊகிக்க முடியாது என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று.

வேதத்தை ஏற்ற மீமாம்சகரான குமாரிலரும் படைப்புக் கடவுளை மறுத்தார். உடல் இல்லாத ஒருவன் எதைக் கொண்டு செய்தான்? எந்தத் தேவையால் செய்தான்? இரக்கத்தால் என்றால், இரங்கப்படுவதற்கு அப்போது உயிர்கள் எங்கே இருந்தன, பிறகு இவ்வளவு துன்பம் ஏன்? பௌத்தமோ எல்லாம் ஒன்றை ஒன்று சார்ந்து தோன்றுகின்றன என்று ஏற்று, அந்தச் சார்புகளுக்கு அடியில் ஒரு முதல்வன் தேவையில்லை என்றது. மணிமேகலையின் இறுதிப் பகுதியில் வரும் பன்னிரு சார்புகள் அந்தக் கொள்கையின் தமிழ் வடிவம். நியாய மரபின் உதயணர் நியாயகுசுமாஞ்சலி எழுதிக் கடவுளை நிறுவ முயன்றதும், பௌத்தரான ரத்னகீர்த்தி 11 ஆம் நூற்றாண்டில் அந்த மரபின் வாதங்களைப் படிப்படியாக உடைத்ததும், இந்தியத் தர்க்க வரலாற்றின் மிக நுட்பமான பக்கங்கள்.

ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் இறந்த பின் 1779 இல் வெளிவந்த அவருடைய உரையாடல் நூல், ஏறத்தாழ இதே கேள்விகளைக் கேட்டது. தொடரின் ஒவ்வொரு கண்ணிக்கும் காரணம் சொன்ன பிறகு, தொடர் முழுவதற்கும் தனியாக ஒரு காரணம் எதற்கு? ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும் என்றால், கடவுள் வரை போகாமல் உலகத்திலேயே நின்றுவிட்டால் என்ன? 1781 இல் இமானுவேல் காண்ட், காரணம் என்ற கருத்து அனுபவ உலகத்துக்குள் பொருட்களைத் தொடுக்க உதவுவது, அனுபவத்துக்கு வெளியே அதைக் கொண்டு போக எமக்கு உரிமை இல்லை என்றார். 1948 இல் பிபிசி வானொலியில் கொப்பிள்ஸ்டன் என்ற யேசுசபைக் குருவோடு விவாதித்த பேட்ரண்ட் ரசல், பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்ற நிலைப்பாட்டில் நின்றார்.

வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கு யார் காரணம்? கேள்வி நல்லது, ஆனால் வாதத்தை அது சரியாகத் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்று மெய்கண்டாரோ அக்குவினாஸோ சொல்லவில்லை. மாறுவதற்கும் ஒடுங்குவதற்கும் காரணம் வேண்டும் என்றே சொன்னார்கள். ஹியூமின் கேள்விதான் வலுவானது. காரணம் தேவைப்படாத ஒன்று இருக்கலாம் என்று ஏற்ற பிறகு, அது பிரபஞ்சத்தின் அடிப்படையான ஏதோ ஒன்றாக இருக்கக் கூடாதா?

பெருவெடிப்பு எதைச் சொல்கிறது?

பெருவெடிப்புக் கொள்கையின் தந்தையருள் முதன்மையானவர் பெல்ஜியத்தின் ஜோர்ஜ் லெமேத்ர். அவர் பௌதிகவியலாளர், கத்தோலிக்கக் குருவும்கூட. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையில் இருந்து விரியும் பிரபஞ்சத்தை 1927 இல் வருவித்தார். 1929 இல் எட்வின் ஹபிள், தூர விண்மீன் மண்டலங்கள் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் விலகிச் செல்வதைக் காட்டினார். 1931 இல் லெமேத்ர், எல்லாம் ஓர் ஆதி அணுவில் இருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். 1951 நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆற்றிய உரையில், நவீன விஞ்ஞானம் படைப்பின் கணத்துக்குச் சாட்சி சொல்வதாகப் பேசினார். அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்ர். அவரோ கவலைப்பட்டார். தன் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, நம்புபவரும் நம்பாதவரும் அதைச் சமமாக ஏற்கலாம் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு.

மறுபக்கத்தில், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்ற எண்ணமே பிடிக்காத பிரெட் ஹொயில், 1948 இல் மாறா நிலைப் பிரபஞ்சக் கொள்கையை முன்வைத்தோரில் ஒருவர். இந்தியாவின் ஜயந்த் நார்லிகர் பின்னர் அவரோடு இணைந்து உழைத்தார். 1964 இல் பென்சியாசும் வில்சனும் வானத்தின் எல்லாத் திசைகளில் இருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். அதன் வெப்பநிலை தனிப் பூச்சியத்துக்கு மேல் ஏறத்தாழ 2.7 பாகை. பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதாக இருந்தபோது புறப்பட்ட ஒளி அது. அதோடு மாறா நிலைக் கொள்கை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

ஆனால் சூடான, அடர்த்தியான ஒரு நிலையில் இருந்து பிரபஞ்சம் விரிந்தது என்பது ஒன்று. அதுவே எல்லாவற்றுக்கும் முதற்கணம் என்பது இன்னொன்று. கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955 இல் எழுதிய சமன்பாடு, ஈர்ப்பு எப்படிப் பாதைகளை ஒன்றுகுவிக்கிறது என்பதைக் காட்டியது. அதன் மேல் கட்டி, பென்ரோசும் ஹோக்கிங்கும் பொதுச் சார்புக் கொள்கையின்படி பின்னோக்கிப் போனால் ஓர் ஒருமைப் புள்ளியில் கணக்கு முறிகிறது என்று 1970 வரையான ஆண்டுகளில் நிறுவினார்கள். கணக்கு முறியும் இடம் கொள்கையின் எல்லை. அதற்கு அப்பால் ஈர்ப்புக்கான குவாண்டம் கொள்கை வேண்டும். அது இன்னும் எம்மிடம் இல்லை. 1983 இல் ஹோக்கிங் ஹார்ட்டிலோடு சேர்ந்து, காலத்துக்கு ஓரமே இல்லாத ஒரு பிரபஞ்ச மாதிரியை முன்மொழிந்தார். 2003 இல் போர்ட், குத், விலென்கின் ஆகியோர், சராசரியாக விரிந்துகொண்டே வரும் எந்தப் பிரபஞ்சமும் கடந்த காலத்தில் முடிவில்லாமல் நீள முடியாது என்று காட்டினார்கள். அந்த எல்லையில் என்ன இருந்தது என்பதை அவர்களின் தேற்றம் சொல்லவில்லை.

குவாண்டம் பௌதிகவியல் மறுப்பாளருக்கு இன்னோர் ஆயுதம் தந்தது. எம் ஒவ்வொருவரின் உடலிலும் பொற்றாசியம் 40 இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் விநாடிக்கு 4000 அளவில் அதன் கருக்கள் சிதைகின்றன. ஏன் இந்தக் கரு, ஏன் இந்தக் கணம் என்று கேட்டால் குவாண்டம் கொள்கையில் விடை இல்லை. நிகழ்தகவு மட்டுமே இருக்கிறது. அப்படியானால் காரணம் இல்லாமலும் நிகழ்ச்சிகள் உண்டு என்று சொல்லலாமா? ஓரளவுக்குச் சொல்லலாம். இன்ன கணத்தில் நிகழும் என்று தீர்மானிக்கும் காரணம் அங்கே இல்லை. ஆனால் சிதைவது உறுதியற்ற ஒரு கரு. அதை ஆளும் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் வழங்கும் நிகழ்தகவு துல்லியமானது. குவாண்டம் வெற்றிடத்தில் இருந்து துணிக்கைகள் தோன்றுவதைக் காட்டி, ஒன்றுமில்லாததில் இருந்து எல்லாம் வந்தது என்போருக்கும் இதே பதில்தான். சக்தியும் விதிகளும் உள்ள வெற்றிடம் ஒன்றுமில்லாமை ஆகாது.

வாய்க்காலா, வொயேஜரா?

இப்போது உண்மையான முடிச்சுக்கு வரலாம். தாங்கும் காரணம் வேண்டும் என்ற வாதத்துக்கு விஞ்ஞானம் கொடுத்த மிக வலுவான அடி பெருவெடிப்பில் இருந்து வரவில்லை. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட முதலாம் இயக்க விதியில் இருந்து வந்தது. ஓடும் பொருள் ஓடிக்கொண்டிருக்க அதை யாராவது தள்ளிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அரிஸ்டோட்டிலின் எண்ணம். முதல் இயக்குநர் என்ற வாதம் அதில்தான் ஊன்றியிருந்தது. 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இன்று நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளியில் விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. எந்த எந்திரமும் அதைத் தள்ளவில்லை. தள்ளுவோர் இல்லாமலே அது போகும்.

பிரபஞ்சத்தின் இருப்பு எதைப் போன்றது? துருசைப் பூட்டினால் வற்றும் வாய்க்கால் தண்ணீரைப் போன்றதா? ஒரு முறை கிடைத்ததும் தானே தொடரும் வொயேஜரின் ஓட்டத்தைப் போன்றதா? இயக்கத்துக்குத் தள்ளுபவர் தேவையில்லை என்பதை நியூற்றன் காட்டினார். இருப்புக்கும் தாங்குபவர் தேவையில்லை என்று அதில் இருந்து உடனே முடிவு செய்யவும் முடியாது. தேவை என்று உறுதி சொல்லவும் முடியாது. எந்தத் தொலைநோக்கியும் இதைத் தீர்க்காது. ஏனென்றால் தொலைநோக்கி காண்பது இருக்கும் பொருட்களை. கேள்வியோ இருப்பைப் பற்றியது. என் முடிவு இது: முதற்காரண வாதம் தொடக்கத்தைப் பற்றிய வாதமாக நின்றால் விஞ்ஞானத்தின் அடுத்த சமன்பாட்டுக்கு அது பணயம், தாங்குதலைப் பற்றிய வாதமாக நின்றால் நேர்மையான தத்துவக் கேள்வியாக என்றும் உயிரோடு இருக்கும். நிறுவப்பட்ட உண்மை என்று மட்டும் அதை யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னுமொரு இடைவெளியையும் ஒளிக்கக் கூடாது. வாதம் முழுவதையும் ஏற்றாலும், அது எம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது ஒரு முதற்காரணத்தின் முன்தான். அந்தக் காரணம் எம்மை அறியுமா, இரங்குமா என்பதை அது சொல்லாது. 2009 இன் தொடக்கத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் நகர்ந்த மக்களின் கேள்வி, உலகத்தை யார் செய்தது என்பதாக இருக்கவில்லை. இரக்கம் எங்கே என்பதே அது. குமாரிலர் கேட்டதும் அதைத்தான். சைவசித்தாந்தம் வினையையும் ஆணவ மலத்தையும் திருவருளையும் பற்றிப் பேசி அதற்கு விடை தேடுகிறது. ஆனால் அந்த விடை முதற் சூத்திரத்தில் இருந்து தானாக வருவதில்லை. தர்க்கம் முடிந்து அனுபவமும் நம்பிக்கையும் தொடங்கும் எல்லை அது. அந்த எல்லையைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகக் காட்டுவதே நேர்மை.

மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன் பரபக்கம் என்ற பெரும் பகுதியை வைத்தார். உலகாயதர், பௌத்தரின் நான்கு பிரிவினர், சமணர், ஆசீவகர், கடவுளை ஏற்காத சாங்கியர் எனப் பதினான்கு மாற்றுக் கொள்கைகள் அதில் எடுத்துரைக்கப்பட்டு, பிறகே மறுக்கப்படுகின்றன. எதிர்வாதத்தை அறியாதவன் தன் வாதத்தையும் அறியான் என்ற தெளிவு அந்த அமைப்பில் இருக்கிறது. எங்கள் வகுப்பறைகளில் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தைக் கற்பிக்கும் நாளிலேயே தர்மகீர்த்தியின் புற்றையும் ஹியூமின் கேள்வியையும் நியூற்றனின் விதியையும் பிள்ளைகளின் முன் வைக்க வேண்டும். நம்பும் பிள்ளை தன் நம்பிக்கையின் எடையை அறிந்து நம்பும்; ஐயுறும் பிள்ளை எதை ஐயுறுகிறோம் என்று அறிந்து ஐயுறும். அருணந்தியார் 13 ஆம் நூற்றாண்டில் செய்ததைச் செய்ய எங்களுக்குப் புதிய அனுமதி எதுவும் தேவையில்லை.